தண்ணீர் ஒட்டாத எஃகுக் குழல்

வெர்னர் தன் ஆயுளில் செய்த சாமான் ஒன்றுகூட முழுசாக மிச்சமில்லை. இதைச் சொன்னால் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், மார்தட்டிக்கொள்வான். உடைப்பதற்கென்றே செய்வதுதான் அவன் தொழில். லிம்ஃபியோர்டு என்ற கடற்கழியின் தென்கரையில், மீன் கிடங்குக்கு அடுத்தாற்போல், தகரக் கூரை போட்ட நீளமான சோதனைக் கூடம் ஒன்று இருக்கிறது. காற்றாலை இறக்கை செய்கிற கம்பெனிக்காரர்கள் புதுசாக ஏதாவது யோசித்தால் முதலில் இங்கேதான் வருவார்கள். இறக்கையின் அடிப்பக்கத்தில், கண்ணாடி இழைத் துணி அடுக்குகளுக்கு நடுவே எஃகுக் குழல்களைப் புதைத்து, ரெசின் என்கிற பிசினைப் பாய்ச்சி இறுக வைப்பது வழக்கம். அந்தக் குழலுக்குள் போல்ட் இறங்கும். அந்த போல்ட்தான் அத்தனை பெரிய இறக்கையையும் வானத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். முழு இறக்கையில் கைவைப்பதற்கு முன்னால், ஒற்றைக் குழல் புதைத்த முழ நீள மாதிரித் துண்டுகளை வெர்னர் செய்து கொடுப்பான். இயந்திரம் அதை இரண்டு பக்கமும் கவ்வி, பிய்கிறவரை இழுக்கும்.

பிய்வதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. இழைகள் கிழிந்து, நார் நாராகத் தொங்கிக்கொண்டு, பெரிய சத்தத்தோடு பிய்ந்தால் அது நல்ல துண்டு. குழல் மட்டும் வழுவழுவென்று தனியே உருவிக்கொண்டு வந்தால், ரெசின் எஃகில் ஒட்டவே இல்லை என்று அர்த்தம். ஒட்டாமல் போக ஒரு விரல்ரேகை போதும். அதனால் குழலைத் தேய்த்துக் கழுவியதும் குழாயடியில் பிடித்துப் பார்ப்பார்கள். சுத்தமான எஃகின்மேல் தண்ணீர் ஒரே படலமாகப் படரும். கொழுப்போ களிம்போ பட்ட இடத்தில் மட்டும் விலகி, முத்து முத்தாக உருளும். கூடத்து வாசலில் வெர்னர் கைப்பட எழுதிய பலகை ஒன்று தொங்கியது: "முகத்துக்கும் கைக்கும் பூசுகிற எதுவும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. டப்பாவின் பின்பக்கத்தைப் படி. படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுக்குப் போகலாம்."

ஆள் கெட்டிக்காரன்தான், அதை யாரும் மறுக்க முடியாது. நாக்குதான் நஞ்சு. அந்த ஊர்ப் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் அசட்டுத்தனம் செய்தவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். தின்று, ஒரு சிரிப்புச் சிரித்து, அத்தோடு அந்தத் தப்பைத் தலைமுழுகிவிட வேண்டும். நல்ல வழக்கம். வெர்னர் கையில் அது சாட்டையாகப் போயிற்று. கேக்கைத் தின்றுகொண்டே, கொண்டுவந்தவர் செய்ததை முதலிலிருந்து கடைசிவரை நடித்துக் காட்டுவான். சம்பந்தப்பட்டவர் கண் கலங்கினால், "ஐயோ பாவம், கிரீம்ல உப்பு விழுது, துடைங்க யாராவது" என்பான். கேண்டீனே விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்காவிட்டால் அடுத்த வாரம் தன் தலை உருளும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஈவார் பல வருஷம் அவனுக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவன். ரெசின் அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. அது அப்படித்தான் வரும். வருஷக்கணக்கில் ஒன்றும் செய்யாது. ஒருநாள் தோல் 'போதும்' என்று சொல்லிவிட்டால், பிறகு இறுகாத ரெசினின் வாடை பட்டாலே முகம் வீங்கும், விரலிடுக்கெல்லாம் வெடித்து நீர் வடியும். மருத்துவர் உறுதி செய்துவிட்டால் அப்புறம் கூடத்துக்குள் கால்வைக்க முடியாது, சாகும்வரை முடியாது. ஈவார் கொஞ்ச நாள் மறைத்துப் பார்த்தான். வெர்னர் கண்ணிலிருந்து எது தப்பும்?

"என்னடா ஈவாரு, தேனீப் பெட்டிக்குள்ள தலைய விட்டுட்டியா? கையக் காட்டு. அடடா, தக்காளிச் சாஸ் மாதிரி இருக்கே! யாருக்காவது ரொட்டிக்குத் தொட்டுக்க வேணுமா?"

ஈவார் விடைபெற்ற நாளில் வெர்னர் ஒரு பரிசு வைத்திருந்தான். ஈவார் தினமும் காப்பி குடித்த நீலக் கோப்பையை அப்படியே ரெசினுக்குள் புதைத்து, செங்கல் அளவில் ஒரு கட்டி. அன்று காலைதான் ஊற்றியது. கலக்கியவள் ரிக்கே, அந்த வாரம் வேலைக்குச் சேர்ந்தவள். "மத்தியானத்துக்குள்ள முழுசா இறுகாதே" என்று அவள் இழுத்தபோது, "கெட்டியா நின்னாப் போதும். அவன் என்ன அதுமேல வீடா கட்டப் போறான்?" என்றான் வெர்னர். எல்லோரும் மேசையைத் தட்டி "எடு, எடு" என்று கத்த, ஈவார் அந்தக் கட்டியை வெறுங்கையால் வாங்கிக்கொண்டான். ரெண்டு நாள் கண் திறக்க முடியாமல் கிடந்தானாம். அதையும் வெர்னர் அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்து காட்டினான்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் ஒரு வசந்தத்தில் மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அரிக்க ஆரம்பித்தது.

முதலில் சோப்பு என்றான். பிறகு தோட்டத்துச் செடி என்றான். மணிக்கட்டுவரை சிவந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தால் தோல் பிளக்கிற நிலை வந்தபோது யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பயந்தது வலிக்கு இல்லை, அந்தக் கேண்டீன் மேசைக்கு. தக்காளிச் சாஸ் என்று தான் சொன்னதை இன்னொருவன் தன்னைப் பார்த்துச் சொல்வான், மற்றவர்கள் மேசையைத் தட்டுவார்கள். ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டான். கேண்டீனுக்குள் கையுறையோடு போகக் கூடாது என்பதால், ஈரல் விழுது தடவிய கறுப்பு ரொட்டியைத் தன் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து தின்றான். கேட்டவர்களிடம் ஹேண்ட்பால் ஆட்டத்தை வானொலியில் கேட்பதாகச் சொன்னான்.

அவன் மனைவி லிஸ்பெத் மட்டும் கேட்டாள். "டாக்டர்கிட்ட காட்டினா என்ன?"

"காட்டினா அன்னியோட சரி."

"ஊர்ல வேற வேலையே இல்லையா?"

"ஏன், ஈவார் மாதிரி கடையில, ஜனங்க திருப்பிக் குடுக்கற காலி பாட்டில் எண்ணட்டுமா? அதப் பாக்கத்தான் உனக்கு ஆசையா?"

அந்த வீட்டில் பேச்சு அங்கேதான் எப்போதும் முடியும்.

ஆனால் களிம்பு வாங்க ஈவார் வேலை பார்க்கிற அதே கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. மருந்துக்கடையில் லிஸ்பெத்தின் தங்கை இருந்தாள், அவள் வாய் சும்மா இருக்காது. வெர்னர் அலமாரி முன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றபோது, ஈவார் காலிப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான். நின்று பார்த்தான்.

"பைக்குள்ளேர்ந்து கைய எடு வெர்னர்."

"உன் வேலையப் பாருடா."

"எடுன்னா எடு. நான் பாக்காத கையா?"

வெர்னர் எடுத்தான். ஈவார் குனிந்து பார்த்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு வெள்ளைக் களிம்புக் குழாயை எடுத்து நீட்டினான்.

"இதப் போடு. நல்லாக் கேக்கும். எனக்கு இதுதான் கேட்டுது."

"யார்கிட்டயும்..."

"நான் ஏன் சொல்றேன்? எனக்கென்ன லாபம்?" என்று சொல்லி, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

களிம்பு அற்புதமாகக் கேட்டது. ஒரு வாரத்தில் சிவப்பு வடிந்தது, பிளவுகள் மூடின. வெர்னருக்கு உயிர் வந்தது. சட்டைப் பைக்குள் அந்தக் குழாய் குடியேறிவிட்டது. இடைவேளைக்கெல்லாம் வேனுக்குள் உட்கார்ந்து பூசிக்கொண்டான். பலகை எழுதிய மனுஷன், டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை! பூசிய கையாலேயே கையுறையை இழுத்து மாட்டினால் களிம்பு கையுறையின் வெளிப்பக்கத்திலும் ஒட்டும் என்பது அங்கே முதல் நாள் வேலைக்கு வருகிறவர்களுக்கே சொல்லித் தருகிற பாடம். அரிப்பு நின்ற சந்தோஷத்தில் அவனுக்கு அது தோன்றவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய இறக்கைக் கம்பெனியின் வேலை வந்தது. குழலைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் விட்டுப் பார்ப்பது ரிக்கே. துணி அடுக்கி, குழலை நடுவில் கிடத்தி, ரெசின் பாய்ச்சுவது வெர்னர். கூடத்துப் பொறுப்பில் இருந்த பொறியாளர் துரோல்ஸ் ரிக்கேயைக் கூப்பிட்டு, இந்த வேலை நன்றாக முடிந்தால் அவளை நிரந்தரமாக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தான். அவளுக்கு அது சம்பள விஷயம் மட்டும் இல்லை. அவள் மகள், விவாகரத்தான புருஷனோடு தெற்கே இருந்தாள். நிலையான வேலை என்று ஒன்று கையில் இருந்தால்தான் குழந்தை அம்மாவிடம் வரலாம் என்று பேச்சு. இது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். வெர்னருக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும், யாருக்கு எங்கே வலிக்கும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது அவன் பழக்கம்.

சோதனை நாளில் கம்பெனிக்காரர்களும் வந்திருந்தார்கள். முதல் துண்டை இயந்திரம் கவ்வியது. பாதி பாரத்துக்கே ஒரு சின்னச் சத்தம், மூடி திறக்கிற மாதிரி. குழல் தனியே வந்து நின்றது, பளபளவென்று, ஒரு நார்கூட ஒட்டாமல். இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. அதற்குமேல் பார்க்க விருப்பமில்லாமல் வந்தவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டார்கள். துரோல்ஸ் முகத்தில் ஈயாடவில்லை.

முதல் குழலின் பளபளப்பைப் பார்த்த அந்த நொடியே வெர்னருக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்த களிம்புக் குழாய் நெருப்புத் துண்டாகக் கனன்றது. சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அவன் வாய் திறந்தபோது வெளியே வந்தது வேறு.

"குழலச் சுத்தம் பண்ணது யாரு?"

எல்லோர் கண்ணும் ரிக்கே பக்கம் திரும்பியது.

"நான் தண்ணி விட்டுப் பாத்தேனே" என்றாள் அவள். "ஒவ்வொண்ணையும் பாத்தேன்."

"பாத்தாளாம்! எந்தக் கண்ணால? தலைக்கு என்ன போட்டுட்டு வந்த இன்னிக்கு? இங்க வரைக்கும் மணக்குது. கம்பெனிக்காரன் மூக்கப் பிடிச்சுக்கிட்டுப் போறான்."

"நான் வாசனைச் சோப்புகூடப் போடறதில்ல, உங்களுக்குத் தெரியும்."

"அப்போ குழல் வெக்கப்பட்டுக்கிட்டு தானா வழுக்கிட்டு வந்துச்சா, மகாராணி?"

யாரோ ஒருவன் சிரித்தான். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. சாயங்காலம் துரோல்ஸ் அவளை அறைக்குக் கூப்பிட்டு, மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, அதற்குமேல் தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டான்.

வெர்னர் நேராகக் கடைக்குப் போனான். ஈவார், காலி பாட்டில்களைத் திரும்ப வாங்குகிற இயந்திரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"தெரிஞ்சேதான் குடுத்தியாடா?"

"என்ன கேக்கற? கை ஆறலையா?"

"எதையும் ஒட்ட விடாத சிலிக்கோன் இருக்குடா அதுல!"

"பின்பக்கம் எழுதியிருக்கே. படிக்கத் தெரியாதவங்க வீட்டுக்குப் போகலாம்னு பலகை எழுதினது யாரு, நானா?" ஈவார் சிரிக்கக்கூட இல்லை. "அந்த மேசையில நீ தலைகுனிஞ்சு நிக்கணும். அத யாராவது வந்து எனக்குச் சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு."

"நான் நிக்கல. அந்தப் பொண்ணு மாட்டிக்கிச்சு."

ஈவார் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அவள மாட்டிவிட்டது நான் இல்லையே, வெர்னர்."

இப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம் இந்த மனுஷன். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. சொல்லவில்லை. பாவி, அதோடு விட்டானா? வெள்ளிக்கிழமைக்குக் கேக் கேட்டான். அதுவும் சாதாரணக் கேக் இல்லை, கேக்குப் பெண். அந்த ஊரில் குழந்தைகளின் பிறந்தநாளுக்கு ஆள் உருவத்தில் கேக் செய்து, மிட்டாயால் கண்ணும் பொத்தானும் வைத்து, முதலில் கழுத்தை அறுப்பார்கள். அறுக்கும்போது சுற்றி நிற்கிற எல்லோரும் வீல் என்று கத்த வேண்டும். குழந்தைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம்.

ரிக்கே கொண்டுவந்தாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வராமலே இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த வேலைக்குப் போனால் துரோல்ஸிடம்தான் விசாரிப்பார்கள், முரண்டு பிடிக்கிறவள் என்று பெயர் வரக் கூடாது. மஞ்சள் முடி, சிவப்புப் பாவாடை, சிரிக்கிற வாய். மகளின் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு தடவைதான் இப்படிச் செய்திருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது.

வெர்னர் அன்று கேண்டீனுக்கு வந்தான். கை ஏறக்குறைய ஆறியிருந்தது. கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். காலையில் பூசியதைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டான். கத்தியை எடுத்து, கேக்குப் பெண்ணின் கழுத்தை நிதானமாக அறுத்தான். எல்லோரும் வீல் என்று கத்தினார்கள். ரிக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கத்தவில்லை என்பதை அவன் கவனித்தான்; அது அவனுக்குப் பொறுக்கவில்லை.

கத்தியைப் போட்டுவிட்டு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கூடத்துக்குள் போய் அவள் அன்று காலை கழுவி மூடிவைத்திருந்த குழல்கள் அடங்கிய தட்டோடு திரும்பினான்.

"கூடி வாங்க எல்லாரும். நம்ம மகாராணி எப்படிச் சுத்தம் பண்றாங்கன்னு பாத்துட்டு அனுப்பி வைப்போம்."

ஒரு குழலை வெறுங்கையால் எடுத்து நடுவில் பிடித்து, கேண்டீன் தொட்டிக் குழாயைத் திறந்தான். தண்ணீர் குழலின் இரண்டு முனைகளிலும் கண்ணாடி போலப் படர்ந்தது. வெர்னர் பிடியை முனைக்கு மாற்றிக்கொண்டு நடுவைக் காட்டினான். அங்கே தண்ணீர் விலகி, முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா லட்சணத்த? இதத்தான் சுத்தம்னு சொல்லி என்கிட்ட குடுத்தா!"

யாரும் சிரிக்கவில்லை. வெர்னருக்கு ஒரு நொடி புரியவில்லை. ரிக்கே பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"கொஞ்சம் திருப்பிப் பிடிங்க" என்றாள்.

அவன் திருப்பவில்லை. அவளே தட்டிலிருந்து இன்னொரு குழலை இடுக்கியால் எடுத்துக் குழாயடியில் பிடித்தாள். தண்ணீர் முனைக்கு முனை ஒரே படலமாக நின்றது. பிறகு அவன் கையிலிருந்ததை இடுக்கியால் பற்றி, வெளிச்சத்தில் சுற்றிக் காட்டினாள். ஒரு பக்கம் பெருவிரல், எதிர்ப்பக்கம் நாலு விரல். ஐந்து இடங்கள், தண்ணீர் ஒட்டாமல், அச்சு எடுத்தாற்போல.

"இது என் கை இல்ல" என்றாள் ரிக்கே. "என் கை சின்னது."

துரோல்ஸ் கேக்குத் தட்டைக் கீழே வைத்தான். "வெர்னர், கையக் காட்டுங்க."

"என்ன துரோல்ஸ், நீ வேற..."

"காட்டுங்க."

காட்டினான். குழாய்த் தண்ணீர் அந்தப் புறங்கையிலும் உருண்டு உருண்டு ஓடிக்கொண்டிருந்தது; மூன்று முறை சோப்புப் போட்டும் சிலிக்கோன் போயிருக்கவில்லை. விரலிடுக்குகளின் சிவப்பை எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது, யார் என்று தெரியவில்லை:

"ரொட்டிக்குத் தொட்டுக்க வேணுமா யாருக்காவது?"

அப்பப்பா, அன்று எழுந்த சிரிப்பு! வருஷக்கணக்காகப் பயத்தில் சிரித்தவர்கள் முதல் தடவையாக மனசாரச் சிரித்தார்கள். ரிக்கே மட்டும் சிரிக்காமல் இடுக்கியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.

மருத்துவர் பார்த்ததும் உறுதி செய்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் காரணம் தெரிந்ததும் வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள். ரிக்கேயின் வேலை நிரந்தரமாயிற்று, உட்கார இடம் வெர்னரின் மேசை. பள்ளி விடுமுறையில் மகள் வந்துவிடுவாள் என்று சொன்னபோது அவள் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. நல்லது நடந்தால் மனசு இளகும் என்பார்கள். அவளுக்கு இளகவில்லை.

சாமான்களை எடுத்துக்கொண்டு போக வெர்னர் கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். கூடத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் கேண்டீன் வாசலிலேயே நின்றான். லிஸ்பெத் வெளியே காரில் இருந்தாள். வராமலே இருந்திருக்கலாம். ஆனால் சாமானை இன்னொருவர் கொண்டுவந்து வீட்டில் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தான்.

ரிக்கே எழுந்து வந்தாள். கையுறை போட்ட கைகளில் செங்கல் அளவில் ஒரு தெளிந்த கட்டி இருந்தது. அதற்குள் அந்த வெள்ளைக் களிம்புக் குழாய், பின்பக்கத்து எழுத்தெல்லாம் தெரிகிற மாதிரி புதைந்திருந்தது.

"எல்லாரும் சேர்ந்து குடுக்கறோம்" என்றாள். "ஞாபகத்துக்கு."

மூக்கில் இறுகாத ரெசினின் வாடை ஏறியது. வாழ்நாள் முழுக்க முகர்ந்த வாடை, அவனுக்குத் தெரியாதா?

"முழுசா இறுகிடுச்சா?" என்று கேட்டான்.

"ஈவாருக்கு ஊத்தினது எவ்வளவு இறுகியிருந்துச்சோ அவ்வளவு. அன்னிக்கும் நான்தானே கலக்கினேன்."

முதலில் ஒருவன் மேசையைத் தட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். எடு, எடு, எடு. ஒரு கையுறை கேட்டிருந்தால் யாராவது கொடுத்திருப்பார்கள், பெட்டி அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெர்னர் அதைப் பார்த்தான். பிறகு அந்த முகங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஆறிய கைகள் இரண்டையும் நீட்டி வாங்கிக்கொண்டான். கட்டி உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள்.